சி. கொண்டையராஜு ஏன் காலண்டருக்குப் போனார்?

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆச்சி வீட்டைக் காலி செய்தபோது பூஜை அறையிலிருந்து ஒரு பழைய கஜலட்சுமி படத்தை எடுத்து வந்திருக்கிறீர்கள். சட்டத்தைத் துடைத்தபோது கீழ் ஓரத்தில் சி. கொண்டையராஜு, டி.எஸ். சுப்பையா என்று இரண்டு பெயர்கள் தெரிந்திருக்கின்றன. தேடிப் பார்த்ததில் முதல் பெயருக்கு உரியவர் சென்னை அரசு ஓவியப் பள்ளியில் படித்தவர் என்று தெரியவந்திருக்கிறது. அவர் யார், ஒரு படத்தில் ஏன் இரண்டு பெயர், இதற்கு ஏதாவது விலை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், "அங்கே படித்தவர் ஏன் காலண்டர் படம் போடப் போனார்? பெரிய ஓவியராக வர முடியாமல் போனவரா?" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரிதான் உங்களுடைய உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். வர முடியாமல் போனவர் இல்லை என்பதுதான் என் பதில். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் கலை வரலாறு படித்தவன் இல்லை. சிவகாசியில் ஆஃப்செட் அச்சகங்களில் ப்ராசஸ் பிரிவில், அதாவது படத்தை அச்சுக்குத் தயார் செய்யும் பிரிவில், இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். முதலில் கேமராவும் நெகடிவும், பிறகு நெகடிவில் கையால் திருத்தும் ரீடச்சிங், கடைசிப் பத்து வருடம் கம்ப்யூட்டர். கொண்டையராஜு 1976இல் காலமானபோது நான் பள்ளிக்கூடத்துப் பையன். அவரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவர் படங்களையும் அவருடைய சீடர்கள் படங்களையும் கண்ணில் லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து, புள்ளி புள்ளியாகப் பார்த்திருக்கிறேன். அதனால் அச்சு, வண்ணம், வேலை நடந்த விதம் பற்றி நான் சொல்வதை நம்பலாம். அவர் மனதில் என்ன இருந்தது என்பதெல்லாம் எனக்கு எட்டாத விஷயம்.

உறுதியாகச் சொல்லக்கூடியவை இவை. அவர் 1898இல் பிறந்தார். சென்னை, மயிலாப்பூர். இருபது வயதை ஒட்டிய காலத்தில் அரசு ஓவியப் பள்ளியில் படித்தார். பிறகு உத்தியோகம் தேடிப் போகாமல் திருவண்ணாமலைக்குப் போய் ரமணாசிரமத்தில் சில காலம் இருந்தார். அப்புறம் ஊர் ஊராகப் போகும் ஒரு நாடகக் கம்பெனியில் படுதா, அதாவது மேடையின் பின்னணித் திரை, எழுதும் ஓவியராகச் சேர்ந்தார். அந்தக் கம்பெனி 1940களின் தொடக்கத்தில் கோவில்பட்டியில் கலைந்துபோனது. அவர் அங்கேயே தங்கிவிட்டார். சீடர்களோடு தேவி ஆர்ட் ஸ்டுடியோ என்று ஒன்றை நடத்தினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைசிவரை கோவில்பட்டிதான் அவருக்கு ஊர். சாமியாராகப் போகவே வீட்டை விட்டுக் கிளம்பியவர் என்று எங்கள் பக்கம் பேச்சு உண்டு. ரமணாசிரமத்தில் இருந்தது நிஜம் என்பதால் அந்தப் பேச்சு பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அதைப் பேச்சாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

"அங்கே படித்தவர்" என்று நீங்கள் சொன்ன இடத்தில் ஒரு திருத்தம் தேவை. சென்னை ஓவியப் பள்ளி என்றதும் இன்றைக்கு நம் நினைவுக்கு வருவது சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி, ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர், சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமம் என்ற வரிசை. ராய் சௌத்ரி அங்கே முதல்வராக வந்ததே 1929இல்தான். சோழமண்டலம் 1966இல் தொடங்கியபோது கொண்டையராஜுவுக்கு அறுபத்தெட்டு வயது. அவர் படித்த காலத்துப் பள்ளி வேறு மாதிரி. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கியது அது. கைத்தொழில் கற்றுக்கொடுப்பதுதான் அதன் முதல் நோக்கம். மரவேலை, உலோக வேலை, நகை வேலையோடு சேர்த்துத்தான் படம் போடவும் கற்றுக்கொடுத்தார்கள். கண்காட்சி வைப்பது, விமர்சகர் எழுதுவது, பணக்காரர் வாங்கி வரவேற்பறையில் மாட்டுவது என்ற ஒரு வாழ்க்கை தமிழ்நாட்டில் ஓவியருக்கு அன்றைக்கு அநேகமாக இல்லை. அரண்மனை ஆதரவும் தேய்ந்துகொண்டிருந்தது. கைத்தொழில் பள்ளியில் படித்துவிட்டுக் கையை வைத்துப் பிழைக்கப் போனவரை, இல்லாத ஒரு மேடையில் ஏறாததற்காகத் தோற்றவர் என்று சொல்ல முடியாது.

அவருக்குக் கிடைத்த மேடை நிஜமான நாடக மேடை. இதைப் பலரும் ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இதுதான் அவருடைய இரண்டாவது பள்ளிக்கூடம் என்று தோன்றுகிறது. நாடகப் படுதா எழுதுவதைப் பற்றி, பேனர் எழுதும் பெரியவர் ஒருவர் எனக்கு விளக்கியிருக்கிறார். பெரிய துணியை விரித்து, பொடிக் கலரை வஜ்ஜிரப் பசையில் கலக்கி எழுத வேண்டும். ஈரமாக இருக்கும்போது ஒரு நிறம், காய்ந்த பிறகு வேறு நிறம். காய்ந்தால் வெளுக்கும். எவ்வளவு வெளுக்கும் என்று மனதில் கணக்குப் போட்டு ஈரத்திலேயே கூட்டி எழுத வேண்டும். தர்பார் சீன், தெரு சீன், நந்தவன சீன், காட்டு சீன், மயான சீன் என்று வரிசையாக வேண்டும். கேஸ் லைட் வெளிச்சத்தில், கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தூண் தூணாகத் தெரிய வேண்டும், அரண்மனை தூரத்தில் போவது தெரிய வேண்டும். பள்ளியில் படித்த பெர்ஸ்பெக்டிவும் நிழல் ஒளியும் அங்கேதான் உண்மையில் வேலைக்கு வந்தன. படம் பார்ப்பவர் யார், எவ்வளவு தூரத்தில் இருக்கிறார், என்ன வெளிச்சத்தில் பார்க்கிறார் என்ற மூன்றையும் அந்த வேலை ஓவியனுக்குச் சொல்லிக்கொடுத்துவிடும். உங்கள் ஆச்சி வீட்டு கஜலட்சுமியை மறுபடி பாருங்கள். தாமரைக்குப் பின்னால் குளம், குளத்துக்குப் பின்னால் மலை, மலைக்கு மேலே இளஞ்சிவப்பு வானம். அது ஒரு படுதா. அந்தப் படுதாவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறாள் லட்சுமி.

1931இல் 'காளிதாஸ்' வந்ததிலிருந்தே பேசும் படம் நாடகக் கம்பெனிகளைத் தின்ன ஆரம்பித்துவிட்டது. பத்து வருடத்தில் பல கம்பெனிகள் கலைந்தன. கோவில்பட்டியில் அவர் இறங்கியது தற்செயல் என்றாலும், அங்கேயே தங்கியது தற்செயல் இல்லை. கரிசல் பூமி, வெயில் காயும் ஊர், தீப்பெட்டித் தொழில் பிடித்துக்கொண்ட வட்டாரம். அங்கிருந்து 40 கிலோமீட்டர் சொச்சத்தில் சிவகாசி. சிவகாசிக்கு அச்சுத் தொழில் வந்ததே தீப்பெட்டி லேபிளுக்காகவும் பட்டாசு லேபிளுக்காகவும்தான். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பி 1923இல் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். லேபிள் வேண்டும் என்றால் கல் அச்சு, அதாவது கல்லில் படத்தை எழுதி அச்சிடும் முறை, வேண்டும். கல் அச்சு வந்துவிட்டால் வருடம் முழுக்க அதற்கு வேலை கொடுக்க வேண்டும். அந்த வேலை காலண்டராக வந்தது. கடைக்காரர் தன் பெயரைப் போட்டு வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் பொருள். வருடம் முடிந்ததும் தேதிப் பகுதியைக் கிழித்துவிட்டுப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். ஆள் இருந்த இடத்துக்கு அச்சு வந்து சேர்ந்தது. அச்சு இருந்த இடத்துக்கு ஆள் வந்து சேர்ந்தார் என்றும் சொல்லலாம்.

முதலிலேயே காலண்டர் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஸ்டுடியோவில் போட்டோக்காரர்களுக்குப் பின்னணித் திரை எழுதினார்கள், உருவப்படம் போட்டார்கள். இந்தப் போட்டோ உறவும் படங்களில் தெரிகிறது. முகத்தின் ஒரு பக்கம் மெதுவாக நிழல் இறங்கும் விதம் ஸ்டுடியோ லைட்டில் எடுத்த முகத்துக்கு உரியது.

இனி இரண்டு பெயர் விஷயம். டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம், டி.எஸ். அருணாசலம், செண்பகராமன் ஆகியோர் அவருடைய முக்கியமான சீடர்கள். படத்தில் குருவின் பெயரும் சீடரின் பெயரும் சேர்ந்து வருவது அந்தப் பட்டறையின் வழக்கம். கல்லூரியில் படித்த நண்பர் ஒருவர் இதை என்னிடம் குறையாகச் சொன்னார், எது யார் போட்டது என்று தெரியவில்லையே என்று. எனக்கு அது பெருந்தன்மையாகத்தான் தெரிகிறது. அந்தக் காலத்தில் சம்பளத்துக்கு இருக்கும் பையன் வண்ணம் அடிப்பான், முதலாளி பெயர் போட்டுக்கொள்வார். இங்கே பையனுக்கும் பெயர் கிடைத்தது. அந்தப் பெயரை வைத்துப் பிறகு தனியாகத் தொழில் செய்யவும் முடிந்தது. ஆனால் கையெழுத்தை வைத்து இந்த முகம் குருவுடையது, இந்த யானை சீடருடையது என்று பிரிப்பது நடக்காத காரியம். உடல் ஒருவர், நகை ஒருவர், பின்னணி ஒருவர் என்று பங்கு போட்டு வேலை செய்கிற இடத்தில் அப்படிக் கோடு கிழிக்க முடியாது. அதேபோல, இணையத்தில் விற்கிறவர்கள் பழைய சிவகாசிப் படம் எல்லாவற்றுக்கும் கொண்டையராஜு என்று பெயர் ஒட்டுகிறார்கள். கே. மாதவன் போன்ற வேறு பெரிய கைகளும் அதே காலத்தில் இருந்தன. கையெழுத்து தெளிவாக இருந்தால் மட்டும் அந்தப் பட்டறைப் படம் என்று சொல்லுங்கள். கையெழுத்து இல்லை என்றால் அந்தப் பாணி என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் படம் எனக்கு நன்றாகத் தெரிந்த வகை என்பதால் அதைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறேன். இதை ரவி வர்மா பாணி என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். ரவி வர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் வைத்துச் சாமி படங்களை வீட்டுக்கு வீடு கொண்டுபோனவர். அவர் போட்ட பாதையில்தான் எல்லோரும் நடந்தார்கள், கொண்டையராஜுவும் நடந்தார். சந்தேகமே இல்லை. ஆனால் ரவி வர்மாவின் லட்சுமி, புடவை கட்டிய ஒரு பெண் தாமரை மேல் வந்து நிற்பது போல இருப்பாள். கொண்டையராஜுவின் லட்சுமி அலங்காரம் முடிந்து திரை விலகிய நேரத்து உற்சவர் போல இருப்பாள். உடம்பு நேராக நம்மைப் பார்த்து இருக்கும். மாலை இரண்டு பக்கமும் சமமாக விழும். நெற்றிச்சுட்டி, அட்டிகை, மாங்காய் மாலை, ஒட்டியாணம் எல்லாம் அதனதன் இடத்தில் ஒரு கல் குறையாமல் இருக்கும். கோயிலுக்குப் போய்ச் சாமி முன்னால் நின்று பழகிய கண் வேண்டும் இப்படிப் போட. கன்னத்திலும் கையிலும் மட்டும் அந்தப் பள்ளிக்கூடத்து நிழல் ஒளி வந்து, கற்சிலை இல்லை, உயிர் இருக்கிறது என்று காட்டும். இந்த இரண்டையும் ஒரே படத்தில் சண்டை போடாமல் உட்கார வைத்ததுதான் அவர் செய்த பெரிய காரியம் என்று நான் நினைக்கிறேன்.

கண்ணைத் தனியாகச் சொல்ல வேண்டும். கருவிழி இரண்டும் கண்ணின் நடுவில் நிற்கும். நீங்கள் பூஜை அறையில் உட்கார்ந்தாலும், வாசற்படியில் நின்றாலும், அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாலும் அவள் உங்களைத்தான் பார்ப்பாள். நாங்கள் ரீடச்சிங் செய்யும்போது முகத்தில் எங்கே வேண்டுமானாலும் கை வைக்கலாம், கண்ணில் வைக்கக் கூடாது என்று என்னைப் பழக்கிய மேஸ்திரி சொல்வார். ஒருமுறை ஒரு தேய்ந்த நெகடிவில் கருவிழியின் வெள்ளைப் பொட்டு அழிந்துபோயிருந்தது. நானே ஊசிமுனைத் தூரிகையால் போட்டேன். ஒரு மயிரிழை வெளியே தள்ளிவிட்டது, அவ்வளவுதான். ப்ரூஃப் எடுத்துப் பார்த்தால் அம்மன் எங்கேயோ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மேஸ்திரி ப்ளேட்டை மறுபடி போடச் சொன்னார். அந்த வெள்ளைப் பொட்டை முதலில் வைத்தவர் கை எப்படிப்பட்டது என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

இதே ஆட்கள் எழுதிய மீனாட்சி கல்யாணத்தைப் பாருங்கள். மதுரைக் கோயில் கம்பத்தடி மண்டபத்துத் தூணில் இருக்கும் அமைப்புதான் அது. பெருமாள் தாரை வார்த்துக் கொடுக்கிறார், சொக்கர் கையைப் பிடிக்கிறார், மீனாட்சி தலை குனிந்து நிற்கிறாள். கல்லில் இருந்ததைக் காகிதத்துக்குக் கொண்டுவந்து, மதுரைக்குப் போகவே முடியாத வீட்டுக்கும் கொண்டுபோய் மாட்டியது அந்தப் படம். கல்யாண வீட்டில் அதைச் சட்டம் போட்டுப் பரிசாகக் கொடுக்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் நான் சிறுவனாக இருந்தபோது சாதாரணம்.

அச்சுக்காரன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்கிறேன். அச்சில் நான்கு வண்ணம்தான்: மஞ்சள், மெஜந்தா, சியான், கறுப்பு. ஓவியர் ஒரு படத்தில் அழகாகக் குழைத்த வண்ணம், இந்த நான்காகப் பிரிக்கும் செபரேஷனில் சேறாகிவிடுவது உண்டு. கோவில்பட்டிப் படங்கள் அநேகமாகச் சேறாகாது. பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே ஓர் ஓரம் தெளிவாக நிற்கும். உடம்பு நிறத்தில் கறுப்பு கலக்கவே கலக்காது. பாதி அளவுக்குச் சுருக்கினாலும் விரல் ஐந்தும் ஐந்தாகத் தெரியும். அச்சுக்குப் போனால் என்ன ஆகும் என்று தெரிந்து, அதற்காகவே எழுதிய படங்கள் அவை. காலண்டர் அவருக்குக் கீழிறங்கிய இடம் இல்லை என்று நான் சொல்வதற்கு என்னிடம் இருக்கும் நேரடிச் சாட்சி இதுதான். வேண்டா வெறுப்பாகச் செய்கிறவன் இவ்வளவு யோசித்துச் செய்ய மாட்டான்.

பிறகு ஏன் கலை வரலாற்றில் பெயர் இல்லை? ஒரேயடியாக இல்லை என்று சொல்ல முடியாது. ஸ்டீபன் இங்லிஸ் என்ற கனடா நாட்டு மானுடவியலாளர் அவரைப் பற்றி எழுதியிருக்கிறார். காலண்டர் படங்களை ஆராய்ந்த கஜ்ரி ஜெயினும் எழுதியிருக்கிறார். தமிழில் நாம்தான் குறைவாகப் பேசினோம். சாமி படம் கலையில் சேராது என்று ஒரு சாரார் நினைத்தார்கள். கலை என்றால் ஒரே ஒரு பிரதிதான் இருக்க வேண்டும் என்று இன்னொரு சாரார் நினைத்தார்கள். இவை தெரிந்த காரணங்கள். தெரியாத காரணம் ஒன்று அச்சகத்துக்குள் இருக்கிறது. எங்களுக்கு மூலப்படம் என்பது ஒரு கச்சாப் பொருள். கேமராவில் பிடித்து நெகடிவ் எடுத்துவிட்டால் அதன் வேலை முடிந்தது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியிட வேண்டும் என்று கோடை முழுக்கப் பரபரப்பாக இருக்கும். அந்த நேரத்தில் இடம் வேண்டும் என்று அலமாரியைக் காலி செய்தார்கள். போர்டில் எழுதிய பழைய மூலங்கள் சில, பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறது என்பதற்காகப் பார்சலுக்கு அட்டையாகப் போயின. யார் எழுதியது என்று யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. நானும் அன்றைக்குச் சின்னப் பையன், ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கும் அது என் மனதை உறுத்துகிறது.

வீடுகளிலும் ஒன்று நடந்தது. படத்தைச் சட்டம் போடும்போது கடைப்பெயர், வருடம், மாதத் தாள் இருக்கும் அடிப்பகுதியை வெட்டிவிடுவார்கள். தகரப்பட்டையைப் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். மிச்சம் இருக்கும் கையெழுத்தும் சட்டத்தின் விளிம்புக்குள் மறைந்துவிடும். எந்த வருடம், எந்த அச்சகம், யார் எழுதியது என்ற மூன்று தகவலும் அந்த இரண்டு அங்குலத்தில்தான் இருந்தன. உங்கள் படத்தில் கையெழுத்தாவது தப்பித்திருக்கிறது.

விலை பற்றிக் கேட்டீர்கள். விலை சொல்கிற ஆள் நான் இல்லை. காலண்டர் அச்சு என்பது ஆயிரக்கணக்கில் ஓடியது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும் பணம் தருகிறேன் என்று யாராவது சொன்னாலும், இது ஒன்றுக்கும் ஆகாது என்று யாராவது சொன்னாலும் உடனே தலையாட்ட வேண்டாம். அதற்கு முன்னால் நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. நல்ல பூதக்கண்ணாடி ஒன்றை எடுத்து லட்சுமியின் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். புள்ளிகள் சின்னச் சின்னப் பூப்போல வட்டம் வட்டமாக ஒழுங்காகச் சேர்ந்திருந்தால் அது கேமராவில் பிரித்து எடுத்த ஆஃப்செட் அச்சு. புள்ளிகள் ஒழுங்கில்லாமல், பெரிதும் சிறிதுமாக, கையால் வைத்தது போல இருந்தால் கல் அச்சின் காலத்துக்குப் பக்கத்தில் வருகிறது. கைக்காரர் ஒருவர் உட்கார்ந்து நிறத்துக்கு ஒரு கல்லாகப் புள்ளி வைத்திருப்பார். பூப்போன்ற புள்ளிகளுக்கு மேலே அலை அலையாகக் கட்டம் ஓடினால், பழைய அச்சை மறுபடி கேமராவில் பிடித்துப் போட்ட பிந்தைய பதிப்பு. படம் நீலம் பாரித்திருந்தால் பயப்பட வேண்டாம். வெளிச்சத்தில் மெஜந்தாவும் மஞ்சளும் முதலில் போய்விடும், நீலம் கடைசிவரை நிற்கும். இனிமேல் ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள்.

கண்ணாடியில் காகிதம் ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம், மை கண்ணாடியோடு போய்விடும். ஒட்டவில்லை என்றால் பின்பக்க ஆணியைக் கழற்றி, படத்தை மெதுவாக வெளியே எடுத்து, சட்டத்துக்குள் மறைந்திருக்கும் நான்கு விளிம்பையும் போட்டோ எடுங்கள். அச்சகத்தின் பெயர் பொடி எழுத்தில் அங்கே இருக்க வாய்ப்பு உண்டு. பின்பக்க அட்டையையும் தூக்கிப் போடாதீர்கள். சட்டக்காரர்கள் பழைய காலண்டர் அட்டையைத்தான் முட்டுக் கொடுப்பார்கள், சில சமயம் அதே காலண்டரின் அடிப்பகுதியே அங்கே மடிந்து கிடக்கும். அப்படி ஏதாவது கிடைத்தால் இங்கேயே போட்டோ போடுங்கள், எழுத்துருவையும் அச்சையும் பார்த்துக் காலத்தைச் சொல்ல முடிகிறதா என்று பார்க்கிறேன்.